எது அமானுஷ்யம்?

(வடலூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சி நாடகம், இருட்டுப் படம், பேய் ஆவணப்படம் இதுகளைப் பத்திப் பேசணும்னு சொன்னாங்க. நான் விமர்சகன் இல்லை. திரைப்பட விழாவுக்கெல்லாம் போனவன் இல்லை. வேலை முடிஞ்சு வந்து, தட்டைக் கையில் வச்சிக்கிட்டு, பெட்டியில் எது ஓடுதோ அதைப் பார்க்கிற ஆள். ஆனால் கோடிக்கணக்கான ஜனங்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். விமர்சகன் பார்ப்பது ஒரு படம். நாம் பார்ப்பது தினசரி ஒரு வாழ்க்கை. நம்முடையது இல்லாத ஒரு வாழ்க்கை. அதனால் பார்க்கிறவன் பேசுவதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

முதலில் சீரியலை எடுத்துக்குவோம்.

சென்னைத் தொலைக்காட்சி 1975ல் வந்தது. சன் டிவி 1993 ஏப்ரல் 14ல் வந்தது. அம்பேத்கர் பிறந்த நாள் என்று நாம் சொல்வோம், தமிழ்ப் புத்தாண்டு என்று அவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவுக்குப் பெட்டி அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. 1987ல் ராமாயணம் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்த்தெருவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தோம். உள்ளே உட்காரச் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்க மாட்டோம். ஜன்னல் கம்பிக்கு நடுவில் தெரிந்த ராமன் பாதி ராமன்தான். பக்கத்தில் நெய்வேலி. நம்ம மாவட்டத்துப் பூமியைத் தோண்டி எடுத்த நிலக்கரியில் ராத்திரியெல்லாம் வெளிச்சம். அந்த வெளிச்சத்தை வானத்தில் பார்த்துக்கொண்டே மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். 2006க்குப் பிறகு அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது. அப்போதுதான் சேரியில் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவன் சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தான். இலவசம் என்று கேலி பேசியவர்களுக்கு இது புரியாது.

சரி, உட்கார்ந்தோம். எதைப் பார்த்தோம்?

ஒரு பெரிய வீடு. கூடத்தில் மாடிப்படி. ஒரு பூஜை அறை. அம்மா பட்டுப்புடவையோடு தூங்கி எழுவார். இந்தக் குடும்பம் என்ன சாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லத் தேவையில்லை. பூஜை அறை சொல்லும், கல்யாணத்துக்கு வரும் ஐயர் சொல்வார், ‘நம்ம குடும்ப கௌரவம்’ என்கிற வசனம் சொல்லும். சாதியைச் சொல்லாமல் விடுவது சாதி இல்லாததால் அல்ல. தன் சாதியே உலகம் என்று நினைக்கிறவனுக்குச் சொல்லவேண்டிய அவசியம் வருவதில்லை. அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ஒரு வேலைக்கார அம்மா இருப்பார். நூற்றுக்கணக்கான எபிசோடு வருவார். காபி கொண்டுவருவார், கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பார், சமயத்தில் சிரிப்புக் காட்டுவார். அந்த அம்மாவுக்கு வீடு எங்கே? பிள்ளைகள் உண்டா? ராத்திரி எத்தனை மணிக்குப் பஸ் பிடிப்பார்? ஒரு நாளாவது கேமரா அவர் பின்னாடி அவர் தெருவுக்குப் போயிருக்கிறதா? போகாது. போனால் வேறு நாடகம் எடுக்கவேண்டி வரும்.

நான் சீரியலே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு, களையெடுத்துவிட்டு வந்து அரை மணி நேரம் உட்காருவது அந்த நேரத்தில்தான். ‘எதிர்நீச்சல்’ ஓடியபோது ஆதி குணசேகரனைத் திட்டித் தீர்த்தார்கள். மாரிமுத்து நடித்தார், 2023 செப்டம்பரில் இறந்துபோனார். அந்த ஆணாதிக்கத்தை எங்கள் வீட்டுப் பெண்கள் அடையாளம் கண்டார்கள். “இவன் நம்ம வூட்டுலயும் இருக்கான்டி” என்று பேசிக்கொண்டார்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஆண்கள் அந்த நேரம் எழுந்து வெளியே போனதையும் பார்த்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய வீட்டுக் குடும்பச் சண்டை சீரியலாக வருகிறது. பின்னணி இசை போட்டு, நடிகர் நடிகைகளுக்குச் சம்பளம் கொடுத்து எடுக்கிறார்கள். ஏழை வீட்டுக் குடும்பச் சண்டை? ‘கதையல்ல நிஜம்’, ‘சொல்வதெல்லாம் உண்மை’ என்று வந்தது. நிஜ மனுசர்கள், நிஜப் பெயர், நிஜக் கண்ணீர். எதிரில் ஒருவர் நீதிபதி மாதிரி உட்கார்ந்து அறிவுரை சொல்வார். பணக்காரன் அழுதால் கதை, ஏழை அழுதால் பஞ்சாயத்து. பணக்காரன் குடும்ப ரகசியத்துக்குக் கற்பனை என்கிற திரை உண்டு. ஏழையின் ரகசியத்துக்குத் திரை கிடையாது. சேரிக்குக் கதவு வேண்டாம் என்று நினைக்கிற அதே புத்திதான் இது.

சீரியலில் எனக்குப் பழகிப்போன இன்னொரு காட்சி உண்டு. வில்லி பாலில் விஷம் கலப்பாள். கதாநாயகி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவாள். அங்கே நிறுத்தி ‘தொடரும்’ போடுவார்கள். மறுநாள் யாராவது வந்து தட்டிவிடுவார்கள். பால் கொட்டும். நாம் மூச்சு விடுவோம்.

2003 ஜூலை. தமிழ்நாட்டில் வீடு வீடாக ‘மெட்டி ஒலி’ ஓடிக்கொண்டிருந்த காலம். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த ஒரு அப்பாவின் துயரத்துக்காக ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அதே ஜூலையில் நம்ம கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், முருகேசன், கண்ணகி இரண்டு பேருக்கும் காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசன் தலித், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த பொறியாளர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். அந்த மே மாதம்தான் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். அங்கே டம்ளரைத் தட்டிவிட யாரும் வரவில்லை. ஊர் பார்த்துக்கொண்டு இருந்தது. 18 வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் போலீஸ் அதிகாரிகளும் உண்டு. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவில் 22 வருஷம். இவ்வளவு நீளமான சீரியலை எந்தச் சேனலும் எடுத்ததில்லை. காதல் கல்யாணத்தை வைத்தே பிழைக்கிற சீரியல்களில் இந்த விஷம் ஏன் வருவதில்லை? வில்லி ஒருத்தி கலந்தால் அது கதை. ஒரு சாதியே சேர்ந்து கலந்தால் அது கதைக்கு அடங்காது.

இரண்டாவது, இருட்டுப் படங்கள்.

இருட்டு, கருப்பு, இருண்ட பக்கம். கெட்டதற்கெல்லாம் நம்ம நிறத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். வில்லனின் அடியாள் கருப்பாக இருப்பான். பேய் வந்தால் முகத்தில் கரி பூசுவார்கள். பயம் வரவேண்டிய இடத்தில் உடுக்கை, பறை. மங்களம் வரவேண்டிய இடத்தில் வீணை. நம்ம சாவுக்கும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அடித்த பறையைக் கேட்டால் குழந்தைகள் தலையணையில் முகம் புதைக்கிற மாதிரி இத்தனை வருஷமாகப் பழக்கியிருக்கிறார்கள். இதை யாரும் சதித்திட்டம் போட்டுச் செய்யவில்லை. செய்கிறவனுக்கே தெரியாமல் செய்கிறான். அதனால்தான் இது ஆபத்து.

ஆனால் இருட்டுப் படங்களில் நம்முடைய இருட்டும் வர ஆரம்பித்திருக்கிறது. வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ லாக்கப்பைக் காட்டியது. மு.சந்திரகுமார் தான் பட்ட அடியைத்தான் புத்தகமாக எழுதினார், அதுதான் படமானது. 2021ல் த.செ.ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ வந்தது. அது நம்ம மாவட்டத்துக் கதை. விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு. 1993 மார்ச்சில் திருட்டுச் சந்தேகம் என்று கம்மாபுரம் போலீஸ் கொண்டுபோனது, திரும்பி வரவில்லை. அவர் மனைவி ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கறிஞர் சந்துரு நடத்தினார். 2006ல் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை வந்தது. இதற்கு ஒரு வருஷம் முந்தி, 1992ல், சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் நந்தகோபால் செத்தார். இரண்டும் ஒன்றையடுத்து ஒன்றாக நம்ம பக்கத்திலேயே நடந்தவை.

அந்தப் படத்தை நான் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பிடிக்காமல் போகவில்லை. அவர்களால் தாங்க முடியவில்லை. எனக்கு அதிலிருந்து இரண்டு கேள்வி. ஒன்று, அடி வாங்குகிற உடம்பை எவ்வளவு நேரம் காட்டவேண்டும்? லாக்கப் தெரியாதவனுக்கு அது தேவையாக இருக்கலாம். தெரிந்தவனுக்கு அது மறுபடியும் ஒரு அடி. இன்னொன்று, கடைசியில் மனசில் நிற்பது யார்? கோட்டுப் போட்ட வக்கீல். நிஜத்தில் அந்த வழக்கை வருஷக்கணக்காகச் சுமந்தது படிக்காத ஒரு பெண்ணும், கூட நின்ற இடதுசாரித் தோழர்களும். ராஜாக்கண்ணு குறவர் சமூகத்து ஆள், படத்தில் இருளராக மாற்றினார்கள். இருளர் படும் பாட்டை நாடே பேசியது, அது நல்லது. ஆனால் குறவர் மீது இன்றைக்கும் நடக்கிற பொய்வழக்கு, மறுபடியும் பேசப்படாமல் போனது. இதைச் சொல்வதால் படத்தை நான் குறைக்கிறேன் என்று அர்த்தமில்லை. நம்முடைய படம் என்பதால்தான் கேட்கிறேன். நம்முடையது இல்லாததை எதுக்குக் கேட்கப்போறோம்?

மாரி செல்வராஜ் வேறு மாதிரி செய்கிறார். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கருப்பி நாய் செத்துப்போகிறது, ஆனால் போய்விடவில்லை. தண்டவாளத்தில் கிடக்கிறவனை வந்து எழுப்புகிறது. ‘கர்ணன்’ படத்தில் பஸ் நிற்காத ரோட்டில் வலிப்பு வந்து செத்த சின்னப்பெண், முகமூடி போட்டுக்கொண்டு காட்டுப்பேச்சியாக ஊருக்குள் நடக்கிறாள். அவர்கள் பேய் இல்லை. யாரையும் பயமுறுத்த வருவதில்லை. மறந்துடாதே என்று சொல்ல வருகிறார்கள். நம்ம ஜனங்கள் செத்தவர்களைச் சாமியாக்கியது இப்படித்தான். காத்தவராயன், மதுரை வீரன் என்று கொலையுண்டவர்களெல்லாம் பீடமேறியது கொன்றவனின் தெருவுக்கு ஞாபகப்படுத்தத்தான். சினிமா கைவைத்ததும் என்ன ஆனது? 1956ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ படத்தில் வீரன் பிறப்பால் ராஜா மகன், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். வீரம் நம்ம வீட்டில் பிறக்கக்கூடாது, வேண்டுமானால் வளரலாம்!

மூன்றாவது, பேய். இதுக்குத்தான் வந்தேன்.

பேய்ப் படம் பார்க்கும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குவேன். செத்தது யார்? 2005ல் வந்த ‘சந்திரமுகி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனை ராஜா ஒரு நாட்டியக்காரியைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவள் காதலன் தலையை வெட்டினான். அவளை உயிரோடு எரித்தான். எத்தனையோ வருஷம் கழித்தும் ஊர் பயப்படுவது யாருக்கு? எரித்தவனுக்கு இல்லை, எரிந்தவளுக்கு! கடைசியில் டாக்டர் வந்து இது மனநோய் என்று விளக்கிவிடுகிறார். அரண்மனை சுத்தமாகிவிடுகிறது. எரிந்தவள் மறுபடியும் இல்லாமல் போகிறாள்.

2011ல் ராகவா லாரன்ஸ் எடுத்த ‘காஞ்சனா’. சிரிப்புப் படம், சத்தம் ஜாஸ்தி. ஆனால் அதில் பேயாக வருகிற மூன்று பேர் யார்? ஒரு திருநங்கை, ஒரு முஸ்லிம் பெரியவர், மனவளர்ச்சி குன்றிய ஒரு பையன். எதற்காகக் கொல்லப்பட்டார்கள்? ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்துக்காக. நிலத்தைப் பிடுங்கியது ஒரு எம்.எல்.ஏ. ஆக, அது பேய்ப் படமா, நிலப் படமா? தமிழ்ப் பேய்களுக்கு ஒரு கணக்கெடுப்பு எடுத்தால் அதில் பெண்களும் ஏழைகளும்தான் மிகுதியாக வருவார்கள். ஜமீன்தார் செத்து ஆவியாக அலைந்தால்கூடத் தன் சொந்த பங்களாவில்தான் அலைவார். உயிரோடு இருக்கும்போது நியாயம் கிடைக்காதவனுக்குச் செத்தபிறகுதான் பலம் வருகிறது என்று சினிமா சொல்கிறது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த ஆறுதல் நம்மை உயிரோடு இருக்கும்போது சும்மா இருக்கச் சொல்கிறது.

அப்புறம் ஆவணப்படம் என்ற பெயரில் வருகிறதே, அது. ‘நிஜம்’, ‘நடந்தது என்ன? குற்றமும் பின்னணியும்’ என்று சேனலுக்குச் சேனல் ஓடியது. இப்போது பெட்டி கைக்குள் வந்துவிட்டது. யூடியூபில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு சுடுகாட்டுக்குப் போகிறார்கள். “நண்பர்களே, இங்கே ஏதோ ஒரு அமானுஷ்யம்” என்று கிசுகிசுக்கிறார்கள். சங்கிலிச் சத்தம் கேட்டது என்கிறார்கள்.

சங்கிலிச் சத்தமா? 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. பேய் பிடித்தது, புத்தி சரியில்லை என்று கொண்டுவந்து விடப்பட்டவர்களைக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அந்தச் சங்கிலி பேயின் காலில் இல்லை, மனுசன் காலில் இருந்தது. பேய் உண்டு என்று சொல்கிற ஒவ்வொரு நிகழ்ச்சியும் யார் காலிலோ ஒரு சங்கிலியைப் பூட்டுகிறது. சாமி ஆடுகிறாள், பேய் ஆடுகிறாள் என்று அவர்கள் காட்டுகிற பெண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவள். அவளுக்கு வேண்டியது டாக்டர், ஓய்வு, அடிக்காத புருஷன். அவளுக்குக் கிடைப்பது வேப்பிலை அடியும் கேமராவும்.

சுடுகாடு என்றார்களே. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், வழி விடமாட்டோம் என்று நிலக்காரர்கள் சொன்னதால், ஒரு தலித்தின் பிணத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். பாடையில் கட்டிய பிணம் அந்தரத்தில் தொங்கியதை நாடே செல்போனில் பார்த்தது. மானுஷ்யம் என்றால் மனுசத்தன்மை. அமானுஷ்யம் என்றால் அது இல்லாதது. அப்படிப் பார்த்தால் அந்தப் பாலத்தில் நடந்ததுதான் அமானுஷ்யம். டார்ச் லைட் அடிக்கிற தம்பிகளே, அங்கே போய் அடியுங்கள்.

நம்ம வடலூருக்கு வருவோம். மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் 1874 ஜனவரி 30ஆம் தேதி வள்ளலார் அறைக்குள் போனார், திரும்பவில்லை. ஒளியில் கலந்தார் என்று நம்புகிறவர்களின் நம்பிக்கையை நான் கேலி பேச வரவில்லை. அதிசயம் தேடுகிறவர்கள் ‘பூட்டிய அறைக்குள் நடந்தது என்ன’ என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நான் அடுப்பைப் பாருங்கள் என்கிறேன். 1867 மே மாதம் தரும சாலையில் மூட்டிய அடுப்பு. பசித்தவன் என்ன சாதி என்று கேட்காமல் சோறு போடுவதற்கு மூட்டியது. சாதிப்படி பந்தி போட்ட காலத்தில் அது நடந்தது. இன்றைக்கும் எரிகிறது. கதவு அதிசயமா, அடுப்பு அதிசயமா? கதவைப் பேசினால் நாம் கைகூப்புவோம். அடுப்பைப் பேசினால் எங்கள் ஊரில் ஏன் இன்னும் தனிப்பந்தி என்று கேட்போம். அதனால்தான் கதவையே பேசுகிறார்கள்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சிதம்பரம். அங்கேயும் ஒருவர் போனார், திரும்பவில்லை. அவருக்கு அறை இல்லை, நெருப்பு. நந்தன் தீக்குள் போய்ப் பூணூலோடு முனிவராக வெளியே வந்தார், ஜோதியில் கலந்தார் என்று புராணம் சொல்கிறது. 1935ல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாக நடித்துப் படம் வந்தது. 1942ல் ஜெமினி தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தது. இரண்டும் பக்திப் படம். என் கணக்கில் தமிழின் முதல் இருட்டுப் படம் அதுதான். ஒரு பண்ணையாள் கோயிலுக்குள் போக ஆசைப்பட்டான், நெருப்பை மூட்டி உள்ளே இறங்கு என்றார்கள். நெருப்பை மூட்டியது யார்? பார்த்த சாட்சி யார்? உடம்பு எங்கே? குற்றமும் பின்னணியும் தேடுகிற கேமராக்கள் இத்தனை வருஷத்தில் சிதம்பரத்துக்கு ஒருமுறை போய் இதைக் கேட்டதாக நான் பார்த்ததில்லை.

நிஜமான ஆவணப்படங்கள் நம்மிடம் உண்டு. 1968 டிசம்பர் 25ல் 44 பேர் எரிந்த கீழவெண்மணியைப் பற்றி பாரதி கிருஷ்ணகுமார் ‘ராமையாவின் குடிசை’ எடுத்தார். 1999 ஜூலை 23ல் தாமிரபரணியில் 17 பேர் செத்ததை ஆர்.ஆர்.சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்று எடுத்தார். மலக்குழியில் சாகிறவர்களைப் பற்றி திவ்யபாரதி 2017ல் ‘கக்கூஸ்’ எடுத்தார், திரையிடவிடாமல் தடுத்தார்கள். பேயைக் காட்டினால் யாரும் தடை கேட்பதில்லை. மலக்குழியைக் காட்டினால் சட்டம் ஒழுங்கு கெட்டுவிடும்!

அதனால் மாணவர்களே, டிவி பார்க்காதீங்கன்னு நான் சொல்லவில்லை. பாருங்கள். வீட்டில் அம்மா, ஆயாவோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்துக்கொண்டே சத்தமாகக் கேளுங்கள். இந்த வீடு யாருடையது? இந்த நிலம் யாரிடமிருந்து வந்தது? காபி கொண்டுவருகிற அம்மா பேர் என்ன? செத்தது யார், கொன்றது யார், ஊர் யாருக்குப் பயப்படுகிறது? இந்த நாலு கேள்வியையும் கேட்கிற வீட்டில் எந்தச் சீரியலும் கெடுதல் செய்ய முடியாது. இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. மாசத்துக்கு ஒரு ராத்திரி, தெருவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, நான் சொன்ன படங்களில் ஒன்றைப் போடுங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பெண்களை முதலில் பேசச் சொல்லுங்கள். அவங்க சொல்றதை யாராவது ஒருத்தர் எழுதி வையுங்கள். தமிழில் இதுவரை வராத சினிமா விமர்சனம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் நிறுத்திக்கிறேன். இனி நீங்க பேசுங்க.

ஜெய் பீம்.